காலனிக்காரர்களின் ஓட்டு

(ஏற்காடு மலை, மாரமங்கலத்தில் எஸ்டேட் தொழிலாளர்களும் மலையாளிப் பழங்குடி மக்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சேர்வராயன் மலை மேல நின்னுக்கிட்டு புதுச்சேரிக் கதை பேசப்போறேன். காப்பித் தோட்டத்துக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. சம்பந்தம் ஒரே ஒரு வார்த்தையில இருக்கு. காலனி. வெள்ளைக்காரன் கடல் தாண்டிப் பிடிச்ச நாட்டுக்குப் பேர் காலனி. ஊருக்கு வெளியே நம்மள ஒதுக்கி வைச்ச இடத்துக்கும் பேர் காலனி. 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் எழுந்து, அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கப்போவதாக அறிவித்தார். சொல் போகட்டும், சந்தோஷம். ஆனால் அந்தச் சொல் நம் தலைமேல் வந்து உட்கார்ந்தது தற்செயல் இல்லை. ஒரு நாட்டுக்குச் சொந்தமானவன், ஆனால் அந்த நாட்டுக்குள் சேர்த்தி இல்லாதவன். இதுதான் இரண்டு காலனிக்கும் பொது.

அப்படிப்பட்டவனுக்கு ஓட்டு உண்டா? உண்டுன்னா அந்த ஓட்டுக்கு எடை எவ்வளவு? இதை உலகத்தில் பல நாடுகளில் வக்கீல்கள் வாதாடிக்கிட்டிருக்காங்க. நம்ம தமிழ் மண்ணிலேயே, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி, நம்ம மக்கள் இதை வாழ்ந்து பார்த்திருக்காங்க. நம் பாடப் புத்தகத்தில் அது இல்லை.

பிரான்சில் 1848 புரட்சி வந்தபோது காலனிகளில் அடிமை முறையை ஒழித்தார்கள், ஆண்களுக்கு ஓட்டும் தந்தார்கள். கொஞ்ச நாளில் அதைப் பறித்தார்கள். மறுபடி 1871ல் குடியரசு நிலைத்தபோது புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தும் சேர்ந்து பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு ஒரு உறுப்பினரை அனுப்பும் உரிமை வந்தது. பின்னால் செனட்டுக்கும் ஒருவர். வயது வந்த ஆண் எவனும் ஓட்டுப் போடலாம். சொத்து கேட்கவில்லை, வரி ரசீது கேட்கவில்லை, எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. பெண்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சுப் பெண்களுக்கே 1944ல்தான் ஓட்டுரிமை கிடைத்தது.

இதன் கனத்தைப் புரிஞ்சுக்கணும். அதே 1871ல் எல்லைக்கு இந்தப் பக்கம், கடலூரிலோ விழுப்புரத்திலோ இருந்த பறையருக்கு ஓட்டு என்ற சொல்லே தெரியாது. சென்னை மாகாணத்தில் 1920ல் சட்டசபைத் தேர்தல் நடந்தபோதும் சொத்தும் வரியும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. நம் ஆட்களை அரசாங்கம் பார்த்து நியமனம் செய்தது, எம்.சி. ராஜா அப்படித்தான் உள்ளே போனார். ஆக, ஒரு வாய்க்காலைத் தாண்டினால் அந்தப் பக்கம் சேரிக்காரன் பாரீசுக்கு ஆள் அனுப்புகிறான், இந்தப் பக்கம் சேரிக்காரன் பண்ணையில் கட்டிக் கிடக்கிறான்.

அப்படின்னா புதுவைச் சேரி விடிஞ்சிருச்சான்னா, இல்லை. ஓட்டு கொடுத்த அதே பிரெஞ்சுக்காரன் சாதியைத் தொடவில்லை. 1819லேயே ஆணை போட்டு வைத்திருந்தான்: இந்தியர்களுக்கிடையிலான வழக்குகளை அவரவர் சாதியின் சட்டப்படி, வழக்கப்படிதான் தீர்ப்பது என்று. மாமூல் என்று இதற்குப் பெயர். சமத்துவம், சகோதரத்துவம் என்று கட்டடத்தின் நெற்றியில் எழுதியவன், உள்ளே போனதும் மனு நீதியை எடுத்து மேசைமேல் வைத்தான். ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் குடிமகன். மற்ற எல்லா இடத்திலும் சாதிக்காரன்.

1873ல் ஒரு சம்பவம். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். இந்தியர்கள் மேல்நாட்டுச் செருப்போடு நுழையக் கூடாது என்று அவரை வழக்காட விடவில்லை. அவர் விடவில்லை. பிரான்சின் மேல் நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். இதைப் புதுவை வரலாறு எழுதுகிறவர்கள் பெருமையாக எழுதுவார்கள். நானும் குறைக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். பிள்ளைமார் காலில் செருப்பு போடுவதை வெள்ளைக்காரன் தடுத்தால் அது வரலாறு. அந்தப் பிள்ளைமார் தெருவில் நாம் செருப்பு போடுவதை அவர்கள் தடுத்தால் அது மாமூல். இந்த மலையிலும் துரை பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு எஸ்டேட்டில் என் அப்பா அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எந்த எஸ்டேட் என்பது முக்கியமில்லை.

அடுத்துதான் முக்கியமான விஷயம். 1881 செப்டம்பர் 21ந் தேதி பாரீசில் ஒரு ஆணை வந்தது. இந்தியன் ஒருவன் தன் சாதிச் சட்டத்தை, சொந்த வழக்கத்தை விட்டு விலகுகிறேன் என்று அதிகாரி முன் எழுதிக் கொடுத்தால் அவனுக்கும் அவன் பெண்டு பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்தும். குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பிப் போக வழி கிடையாது. இப்படி விலகியவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். பொன்னுத்தம்பி முன்னால் நின்று லப்போர்த் என்று பெயர் சூட்டிக்கொண்டார். 'லப்போர்த்' என்றால் கதவு. கதவைத் திறந்தவர் அவர்தான். திறந்த கதவு வழியாகக் கூட்டம் கூட்டமாக நுழைந்தது யார்? புதுவையில் வலங்கைமுகத்தார் என்று சொல்லப்படும் நம் மக்களும் கிறிஸ்தவர்களும். சாதி இந்துக்களில் பெரும்பாலோர் கிட்டவே வரவில்லை. ஏன் வருவார்கள்? விடுவதற்கு அவர்களிடம் சொத்து இருந்தது, மரியாதை இருந்தது, கோயில் இருந்தது. நம்மாள் விட்டது என்ன? இழிவைத்தானே.

இங்கே சில அறிவாளிகள் கேட்பார்கள், வெள்ளைக்காரன் சட்டத்துக்குப் போனது அடிமைப் புத்தி இல்லையா என்று. நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். 1935ல் இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்றார். அதற்கு 54 வருஷம் முந்தி, படிப்பில்லாத புதுவைச் சேரிக்காரன் கைநாட்டு வைத்துச் சாதிச் சட்டத்திலிருந்து வெளியேறியிருக்கிறான். மதத்தை விடாமலே சாதிச் சட்டத்தை மட்டும் விடவும் அந்த ஆணையில் வழி இருந்தது. இதை அடிமைப் புத்தி என்று சொல்கிறவன் எந்தத் தெருக்காரன் என்று பார்த்தால் போதும்.

சரி, வெளியேறியவனின் ஓட்டு என்ன ஆச்சு?

1884ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். முதல் பட்டியல் ஐரோப்பியர். இரண்டாவது ரெனோன்சான். மூன்றாவது மற்ற இந்தியர். உள்ளூர் மன்றங்களுக்கும் பொது மன்றத்துக்கும் ஒவ்வொரு பட்டியலும் தனித்தனியாக ஆள் தேர்ந்தெடுக்கும். சில நூறு ஐரோப்பியர்களுக்கு, பல்லாயிரம் இந்தியர்களுக்கு ஈடான இடம். இது பச்சை அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் அந்த அநியாயத்துக்குள்ளேயே ஒரு சந்து திறந்தது. ரெனோன்சான்களுக்கும் தனி இடம். சாதிப் பெரும்பான்மையின் தயவில்லாமல் தங்கள் ஆளைத் தாங்களே அனுப்பலாம். இது தனி வாக்காளர் தொகுதி என்று தெரியாமலே வந்த தனி வாக்காளர் தொகுதி. அந்தப் பட்டியலின் தலைமையிலும் மேல்சாதியிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள், அதனால் அதைத் தலித் பட்டியல் என்று நான் கொண்டாட மாட்டேன். இருந்தாலும் பட்டியலின் உடம்பு நம்முடையது.

எதிர்த்தரப்பில் நின்றவர் சண்முக வேலாயுத முதலியார். கெட்டிக்காரர். பிரெஞ்சுச் சட்டம் வேண்டாம், மாமூல் போதும், சாதி ஆசாரத்தில் கை வைக்காதே என்பதுதான் அவர் கட்சி. ஆனால் பிரெஞ்சுக்காரன் கொடுத்த ஓட்டு மட்டும் வேண்டும். அந்த ஓட்டைத் திரட்டி, சாதிக் கட்டுப்பாட்டோடு பெட்டியில் போட்டு, பாரீசுக்குப் போகிற ஆள் யார் என்று அவர் தீர்மானித்தார். வயது வந்த எல்லா ஆணுக்கும் ஓட்டு என்ற புரட்சி ஆயுதம் சாதியைக் காப்பாற்றும் அரிவாளாக மாறிப்போச்சு. கிராமத்துச் சேரியில் விலகல் பத்திரம் எழுதாமல் மூன்றாம் பட்டியலில் கிடந்த நம் ஆளின் ஓட்டையும் மிராசுதார் சேர்த்துப் போட்டுக்கொண்டான். பிரெஞ்சிந்தியத் தேர்தல் என்றாலே கள்ள ஓட்டு, அடிதடி, ஊரே திரண்டு ஒரே ஆளுக்கு நூற்றுக்கு நூறு போட்டதாகக் கணக்கு. பாரீஸ் பத்திரிகைகளுக்கே அது சிரிப்பாய்ச் சிரித்தது.

1899ல் மூன்று பட்டியலை இரண்டாக்கினார்கள். ஒன்று ஐரோப்பியர் பட்டியல். இன்னொன்று இந்தியர் பட்டியல். ரெனோன்சான்களில் பெரும்பாலோரை இந்தியர் பட்டியலில் கொட்டினார்கள். ஒரு கையெழுத்தில் நம் ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம் ஆயிற்று. கவனியுங்கள், யாருடைய ஓட்டையும் பறிக்கவில்லை. எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை. எடைதான் போயிற்று. 33 வருஷம் கழித்து எரவாடா சிறையில் என்ன நடந்தது? தனித் தொகுதியை விட்டுக்கொடு, அதற்குப் பதில் 71 இடத்துக்கு 148 இடம் தருகிறோம் என்றார்கள். இடம் கூடியது. யார் ஓட்டில் ஜெயிப்பது என்பது மாறியது. இன்றைக்கு ரிசர்வ் தொகுதியில் நிற்கிற நம் ஆள் நம்மைப் பார்த்துப் பேசுவதைவிட ஊர்த்தெருவைப் பார்த்துக் கும்பிடுவதுதான் அதிகம். உங்க ஏற்காடு தொகுதி பழங்குடிக்கு ஒதுக்கினதுதான். மலையில இருக்கிற ஓட்டு எத்தனை, அடிவாரத்தில் இருக்கிற ஓட்டு எத்தனை, வேட்பாளர் எந்த ஓட்டுக்குப் பயப்படுகிறார் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா? நாடாளுமன்றத்துக்கு நீங்க கள்ளக்குறிச்சித் தொகுதி. புதுவைக்காரனுக்குப் பாரீஸ் எவ்வளவு தூரமோ, மாரமங்கலத்துக்குக் கள்ளக்குறிச்சி கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்.

அந்தப் பாரீஸ் உறுப்பினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல காலம் அவர்கள் பிரான்சுக்காரர்கள். 1910ல் ஜெயித்த பால் ப்ளூய்சேன் மாதிரி. நம் ஊர்ப் பெயர் கொண்டவர்கள் போனது கடைசி அத்தியாயத்தில்தான். 1945ல் இரட்டைப் பட்டியலை ஒழித்து எல்லாரையும் ஒரே பட்டியலாக்கிய பிறகு தெய்வ ஜீவரத்தினம், லம்பேர் சரவணன், 1951ல் எதுவார் குபேர். எழுபது வருஷத்துக்கு மேல் ஓட்டுப் போட்ட பிறகு.

ரெனோன்சான்களில் நிறையப் பேர் கப்பல் ஏறினார்கள். சைகோனில் போலீஸ், சுங்கம், வரி வசூல், பட்டாளம். பட்டாளத்துக்குப் போனவரைப் புதுவையில் இன்றும் சொல்தா என்பார்கள். கொச்சின் சீனாவிலும் பாரீசுக்கு ஒரு உறுப்பினர் தேர்தல் உண்டு. அதில் பிரெஞ்சுக் குடிமகன் என்ற உரிமையில் நம் ஆட்கள் ஓட்டுப் போட்டார்கள். அங்கே பிறந்த வியட்நாமியருக்கு அந்த ஓட்டு இல்லை. அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் கொதித்தார்கள், இந்தக் கறுப்பர்கள் ஓட்டு நம் தேர்தலைத் தீர்மானிப்பதா என்று. புதுவைத் தெருவில் நடக்க முடியாதவன் சைகோனில் வெள்ளைக்காரனின் தேர்தலை ஆட்டிப் பார்த்திருக்கிறான். இதில் நமக்கு ஒரு சந்தோஷம் வருகிறது. கூடவே ஒரு உறுத்தலும் வரவேண்டும். அவன் நின்றது இன்னொருவன் மண்ணில், ஆண்டவன் பக்கத்தில்.

1954 அக்டோபர் 18ந் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ந் தேதி நிர்வாகம் கை மாறியது. ஜனங்களை நேரடியாகக் கேட்கவில்லை. சந்திரநாகூரில் 1949ல் ஜனங்களையே கேட்டார்கள். புதுவையில் அது வேண்டாம் என்று இரண்டு அரசும் முடிவு செய்துவிட்டன. சேரிக்காரனுக்கு அப்போது என்ன தோன்றியிருக்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இந்தியாவின் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்திருந்தது. அதை எழுதியவர் நம்மவர். ஆனால் நிஜத்தில் வரப்போவது அரசியல் சட்டமா, மிராசுதாரா?

1956 ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ல் அமலுக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையில் தொடரலாம், எழுதாவிட்டால் இந்தியர். எழுதியவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்களின் வாரிசுகள், சொல்தா குடும்பங்கள், இன்றும் பிரெஞ்சுக் குடிமக்கள். பிரான்சின் ஜனாதிபதித் தேர்தல் நடக்கும்போது புதுவையிலும் வாக்குச்சாவடி உண்டு. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று 2012லிருந்து நாடாளுமன்றத்தில் 11 இடங்கள் இருக்கின்றன. இந்தியா பதினோராவது தொகுதியில் வருகிறது. ஒரு காலத்தில் கடல் கடந்த மண்ணின் குடிமகன். இப்போது கடல் கடந்து வாழும் குடிமகன். வீடு அதே வீடு.

நம் அரசு எப்படி? வளைகுடாவில் கல் உடைக்கிற இந்தியன் ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2010ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் விமானம் ஏறி வந்து நேரில் போட வேண்டும். பணக்காரன் வருவான்.

இது பிரெஞ்சுக்காரன் சங்கதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவைப் பாருங்கள். போர்ட்டோ ரிக்கோ தீவு மக்கள் 1917லிருந்து அமெரிக்கக் குடிமக்கள். யுத்தத்துக்கு ஆள் பிடிப்பான். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஓட்டு கிடையாது. நாடாளுமன்றத்தில் ஒரு ஆள் உட்காரலாம், சட்டம் நிறைவேற்றும் இறுதி ஓட்டெடுப்பில் கை தூக்க முடியாது. 1901ல் அந்த ஊர் உச்ச நீதிமன்றம், இந்தத் தீவுகள் அமெரிக்காவுக்குச் சொந்தம் ஆனால் அமெரிக்காவின் பகுதி இல்லை என்ற மாதிரி ஒரு தீர்ப்புச் சொன்னது. ஊருக்குச் சொந்தமான சேரி, ஆனால் ஊர் இல்லை. அல்ஜீரியாவில் 1947ல் சட்டமன்றம் அமைத்தபோது பத்து லட்சம் ஐரோப்பியர் பக்கத்துக்கு 60 இடம், சுமார் எண்பது லட்சம் முஸ்லிம்கள் பக்கத்துக்கு 60 இடம். அதே பட்டியல் வித்தை.

வெளிநாட்டுக்காரனைத் திட்டிவிட்டுக் கைதட்டல் வாங்கிப் போகலாம். அது யோக்கியம் இல்லை. இந்தியாவுக்கும் கடல் கடந்த மண் இருக்கிறது. அந்தமான், இலட்சத்தீவு. 1952ல் இந்தியா முழுக்க எல்லாருக்கும் ஓட்டு என்று உலகமே வியந்தபோது அந்தமான்காரனுக்கு நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டு இல்லை. குடியரசுத் தலைவர் ஒரு பாதிரியாரை, ஜான் ரிச்சர்ட்சனை, நியமித்தார். இலட்சத்தீவுக்கும் நியமனம்தான். 1967ல்தான் இரண்டு இடத்து மக்களும் தங்கள் எம்.பி.யைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். சட்டசபை இன்றும் இரண்டுக்கும் கிடையாது. புதுவைச் சட்டசபையிலேயே மத்திய அரசு நியமிக்கும் மூன்று பேர், ஜெயித்து வந்தவர்களுக்குச் சமமாக ஓட்டுப் போடலாம் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைசியாக நம்ம லைன் வீட்டுக்கு நெருக்கமான கதை. இலங்கை மலையகம். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கங்காணி பிடித்துப்போன கூட்டம். பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். 1931லிருந்து இலங்கையில் வயது வந்தோர் வாக்குரிமை, தோட்டக்காரனும் போட்டான். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்தது. அதுதான் குற்றம். 1948ல் குடியுரிமைச் சட்டம், 1949ல் இன்னொன்று, அதே வருஷம் தேர்தல் சட்டத் திருத்தம். குடியுரிமை இல்லாதவனுக்கு ஓட்டில்லை என்று முடிந்தது. யாழ்ப்பாணத்து ஜி.ஜி. பொன்னம்பலம் 1948லேயே அந்த அரசாங்கத்தில் மந்திரியாகிவிட்டார். செல்வநாயகம் பிரிந்து போனார், அதையும் சொல்ல வேண்டும். பிறகு 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 பேரை ஆட்டு மந்தை மாதிரிப் பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, 1,50,000 பிறகு பார்க்கலாம். அந்த ஒன்பது லட்சத்தில் ஒருத்தரையும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் என்ன, ஓட்டுத்தான் இல்லையே. மிச்சம் இருந்தவர்களுக்குக் கடைசியாகச் சட்டம் போட்டுக் குடியுரிமை தந்தது 2003ல். 1983க்குப் பிறகு அகதியாக இங்கே வந்த மலையகத்தவர் பலர், பூர்வீகம் இந்தியாவாக இருந்தும், முகாம் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களாகவும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்களாகவும் தலைமுறை கடத்தினார்கள். 2019ல் கொட்டப்பட்டு முகாம்காரர்கள் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் குடியுரிமை கேட்டு நின்றது அதற்காகத்தான். அதே வருஷம் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை என்ற பெயரே இல்லை.

இதை ஏன் இந்த மலைக்கு வந்து சொல்றேன்னா, பட்டியல்ங்கிறது பேப்பர் இல்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005 பட்டியலில் நீயோ உன் தாய் தகப்பனோ இருந்தீர்களா காட்டு என்று கேட்டார்கள். ஒரு எஸ்டேட்டில் பத்து வருஷம், அடுத்ததில் ஆறு வருஷம், நடுவில் குடகுக்கு மிளகு பறிக்கப் போனவங்க, பழைய லைனையே இடிச்சுட்டாங்க. இவங்க எங்கே போய் எதைக் காட்டுவாங்க? "வீடு எஸ்டேட்டுது, முதலாளி லெட்டர் வாங்கிட்டு வா"ன்னு ரைட்டர் சொன்னா நம்பாதீங்க. 1950ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20ம் பிரிவு கேட்பது, நீ வழக்கமாகக் குடியிருக்கும் இடம் எது என்பதை மட்டும்தான். ஒரு இடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதால் மட்டும் ஒருத்தன் அங்கே குடியிருப்பவன் ஆகமாட்டான் என்றுகூட அந்தப் பிரிவு சொல்கிறது. பெங்களூரில் இருக்கிற முதலாளிக்கு இங்கே பங்களா இருந்தும் அது போதாது. லைனில் படுத்து எழுந்திருக்கிற உங்களுக்கு உண்டு. வீடே இல்லாமல் ரோட்டோரம் படுக்கிறவனைக்கூட, ராத்திரி அதிகாரி வந்து பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி.

பின்னால் மேசையில் பாரம் 6ம், வேற இடத்துப் பட்டியலிலிருந்து மாறுகிறவர்களுக்குப் பாரம் 8ம் வைத்திருக்கிறோம். பதினெட்டு முடிஞ்ச பிள்ளைங்க, வேற எஸ்டேட்டிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்கள், பட்டியலில் பேர் அடிபட்டவங்க முதல்ல வாங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் கொடுக்கத் தோழர்கள் இருக்காங்க. கடைசி பஸ் போறதுக்குள்ள முடிச்சிடலாம்.